முதல் ஆறு மாதம் அவன் சும்மா இருக்கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்காரும்போது படியுங்கள். படிக்காமலே "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

இரண்டு விஷயம் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறவை. ஒன்று, எங்கள் பக்கத்துச் சபைகளில் இப்போது புதிதாக ஒரு பேச்சு. வாலிபப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து 10 நாள் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புவது. விமான டிக்கெட், விசா, தங்கும் இடம், ஒரே நிறத்தில் பனியன். இன்னொன்று, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் இப்போது தான்சானியாவில் இருக்கிறான். சபை நடத்தும் ஒரு தொழிற்பள்ளியில் இரண்டு வருஷம் தொண்டு செய்யப் போயிருக்கிறான். போய் மூன்று வாரம் ஆகிறது. "இன்னும் ஒண்ணும் செய்யலையாம்ல" என்று அதற்குள் இங்கே முணுமுணுப்பு.

பத்து நாள் போகிறவர்களைப் பாராட்டுகிறோம். இரண்டு வருஷத்துக்குப் போனவனை மூன்றாவது வாரத்தில் கணக்குக் கேட்கிறோம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பையன் பெயரைச் சொல்ல மாட்டேன். முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்து நல்ல வேலையில் இருந்தான். தங்கச்சி கல்யாணம் இன்னும் முடியவில்லை. அப்படியிருக்க வேலையை விட்டுவிட்டுப் போனான் என்பதுதான் உறவுக்காரர்களுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. அவன் அம்மாவே என்னிடம் வந்து, "சம்பளமில்லாம போயிருக்கான், அங்கயும் சும்மாதான் இருக்கானாம், இதுக்கு இங்கயே சும்மா இருக்கலாமே டீச்சர்" என்று அழுதாள். அவளுக்கு நான் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அவன் ஞாயிறுதோறும் பேசுவான். அங்கே ராத்திரி ஏழு மணி என்றால் இங்கே ஒன்பதரை. முதல் வாரம் அவன் குரலே சரியில்லை. டொடோமாவைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். வறண்ட பூமி, செம்மண், பருத்த பெருக்க மரங்கள். "நம்ம தேரிக்காடு மாதிரியே இருக்கு டீச்சர், பனைதான் இல்ல" என்றான். உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான் அங்கே சாப்பாடு. அது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. கம்பங்களி தின்று வளர்ந்த வயிறு.

கஷ்டம் வேறு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடப்பது சுவாஹிலியில். வீட்டில் அந்த ஜனங்கள் பேசுவது கோகோ என்று இன்னொரு மொழி. இவனுக்கு இரண்டும் தெரியாது. இவனுடைய இங்கிலீஷும் அவர்களுடைய இங்கிலீஷும் ஒன்றையொன்று பார்த்து முழிக்கின்றன. ஒயரிங் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் வார்த்தை இல்லாமல் நிற்கிறான். அந்தப் பள்ளியின் பெரியவர் இவனைக் கூப்பிட்டு, நீ இப்போது பாடம் எடுக்க வேண்டாம், பையன்களோடு பின்வரிசையில் உட்கார், சாயங்காலம் கிணற்றடிக்குப் போ, சந்தைக்குப் போ, பேச வரும்வரை இதுதான் உன் வேலை என்று சொல்லிவிட்டார். இவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. "ஏழு வருஷம் வேலை பார்த்தவன் டீச்சர், பின்பெஞ்சுல உக்கார வச்சிட்டாங்க" என்றான்.

நான் அந்தப் பெரியவரைப் பார்த்ததில்லை. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இரண்டாவது வாரம் ஒரு கூத்து. காலையில் ஒரு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஸா டாட்டு" என்றார்களாம். டாட்டு என்றால் மூன்று. ஸா என்றால் மணி. இவன் மத்தியானம் மூன்று மணிக்குக் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அவர்கள் சமைத்து வைத்துக் காத்திருந்தது காலை ஒன்பது மணிக்கு! சுவாஹிலிக்காரர்களுக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு மணி ஒன்று. ஒன்பது என்பது மணி மூன்று. பையன் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். நான் சொன்னேன், "ஏய்யா, உங்க பூட்டன் காலத்துல நாழிகைய எங்கேயிருந்து எண்ணினாங்கன்னு நினைக்க? உதயத்துலேருந்துதான். விடிஞ்சு ஏழரை நாழிகைன்னா அதுவும் ஒம்போது மணிதான்." போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். அங்கே போனபிறகு அவன் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த வீட்டுக்காரர்கள் கோபப்படவில்லையாம். மறுபடியும் கூப்பிட்டார்கள். இப்போது அவனுக்கு வணக்கம் சொல்லத் தெரியும். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிக்கமூ" என்று சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹபா" என்பார்கள். வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளேயிருந்து "கரிபு" என்று வந்தால்தான் நுழையலாம். இதையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது எட்டு வயசுப் பிள்ளைகள். தெருவில் அவனைக் கண்டால் "ம்ஹிந்தி, ம்ஹிந்தி" என்று கத்துமாம். இந்தியன் என்று அர்த்தம். அந்த நாட்டில் இந்தியன் என்றால் கடைக்காரன் என்று ஒரு நினைப்பு உண்டு. ஒரு கிழவி இவனிடம் வந்து சர்க்கரை என்ன விலை என்று கேட்டாளாம்.

இதைத்தான் நம் ஆட்கள் "ஒன்றும் செய்யவில்லை" என்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். நாம் யாரைக் கொண்டாடுகிறோம்? பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் கல்லறை இருக்கும் அடைக்கலபுரம் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊசிக்கோபுரம் எல்லோருக்கும் தெரியும். அவர் பிரஷ்ய நாட்டுக்காரர். 1814-ல் சென்னையில் வந்து இறங்கினார். பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லைதான். ஆனால் தமிழைப் படித்தார் பாருங்கள், அதுதான் விஷயம். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் மாணவனாக உட்கார்ந்து படித்தார். வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்சி நடக்கிற காலத்தில், வெள்ளைத் தோல்காரர் ஒருவர் கவிராயர் முன்னால் ஏடும் கையுமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு புதிய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்தார், தமிழ் இலக்கணம் எழுதினார், 1832-ல் பூமி சாஸ்திரம் என்று பிள்ளைகளுக்கு ஒரு பூகோளப் பாடநூல் போட்டார். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி இந்த மாவட்டத்தில் பிழைத்த எல்லோருக்கும் அவர் ஒரு வகையில் மூத்தவர். ஆனால் இதெல்லாம் முளைத்தது அந்த மாணவப் பலகையில்.

கால்டுவெல்லை எடுங்கள். 1838 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோது வயது 23. வந்த கப்பல் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதி, அந்தக் கப்பல் முழுகிப்போனது. அதே கப்பலில் வந்த தெலுங்கு அறிஞர் சி. பி. பிரவுனிடம் நடுக்கடலிலேயே சமஸ்கிருதம் படிக்கத் தொடங்கிவிட்டார். சென்னையில் மூன்று வருஷத்துக்கு மேல் தமிழோடு கிடந்தார். 1841-ல் இடையன்குடிக்குப் புறப்பட்டபோது பல்லக்கோ குதிரையோ எடுக்கவில்லை. நடந்தார். நேர் வழியில்கூட இல்லை, நீலகிரிக்கு ஏறி இறங்கி, சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான மைல். ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள அதுதான் வழி என்று நினைத்தார். இன்றைக்கு நம் பிள்ளைகள் தூத்துக்குடியில் விமானம் ஏறி, மூன்றாவது நாள் அங்கே மேடையேறி, மைக்கைப் பிடித்துவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரனைப் பற்றியே பேசுகிறீர்களே டீச்சர் என்று கேட்பீர்கள். சரி, நம் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டி நம் கரைக்கு, தொண்டிப் பக்கம், ஊழியக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவரைக் குத்தியது. இத்தனை சபைகளும் பள்ளிக்கூடங்களும் உள்ள திருநெல்வேலி யாரையாவது வெளியே அனுப்பியிருக்கிறதா? 1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. பணமும் நம் பணம், ஆளும் நம் ஆள். அனுப்பிய இடம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல். இன்றைக்கு அது தெலங்கானாவில் ஒரு ரயில் ஜங்ஷன், நமக்கு உள்நாடு. அன்றைக்கு? மொழி வேறு, ராஜா வேறு, நாணயம்கூட வேறு. நம் ஜனங்களுக்கு அதுதான் முதல் வெளிநாடு. முதலில் போனவர் சாமுவேல் பாக்கியநாதன். 1909-ல் அசரியாவே குருவாக அபிஷேகம் பெற்று அங்கே போய்ச் சேர்ந்தார். நாடு முழுவதும் சுற்றிய ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், ஊரெல்லாம் அறிந்த பேச்சாளர், 35 வயதை நெருங்கும் நேரத்தில் தெலுங்கு மக்களிடையே போய்த் தெலுங்கு எழுத்துக்கூட்டினார். கூடவே அவர் மனைவி அன்பு மாரியம்மாள், அந்தக் காலத்திலேயே கல்லூரியில் படித்தவர். அந்த அம்மாவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அது தனிக்கோபம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவர் 1910-ல் எடின்பரோ மாநாட்டில் பேசினார். மேல்நாட்டு மிஷனரிகள் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த சபை. நீங்கள் எங்களுக்குப் பணம் தந்தீர்கள், உழைப்பைத் தந்தீர்கள், உயிரைக்கூடத் தந்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நட்பை அவர் கேட்டார். அங்கே சிலருக்கு முகம் சுண்டிப்போனது. அதைக் கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. ஏனென்றால் தோர்ணக்கலில் அவரே வெளியூர்க்காரர், அங்கே நட்பைத் தேடிப் போனவர். 1939-ல் அங்கே பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தைப் படத்திலாவது பாருங்கள். மினார் இருக்கிறது, கோயில் தூண் சாயல் இருக்கிறது. லண்டன் கோபுரத்தைக் கொண்டுபோய் அவர் அங்கே நடவில்லை. திருநெல்வேலிக் கோபுரத்தையும் நடவில்லை.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் டோனாவூரில் 1951-ல் கண் மூடினார். கல்லறைக்கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும். இந்தியாவுக்கு வந்து 55 வருஷத்துக்கு மேல் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் ஜப்பானில் இருந்தது பலருக்குத் தெரியாது. 1893-ல் போனார். ஒரு குளிர்நாளில் நோயாய்க் கிடந்த கிழவி ஒருத்தியைப் பார்க்கப் போயிருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கிழவியும் உருகிக் கேட்கிறாள். திடீரென்று அவள் கண் இவருடைய கையில் போட்டிருந்த ரோமக் கையுறையில் விழுந்தது. இது என்ன, எதற்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். சொன்னதெல்லாம் போயிற்று. அன்றோடு மேல்நாட்டு உடுப்பை மூட்டைகட்டிவிட்டு ஜப்பானியரின் கிமோனோவுக்கு மாறினார். பிற்பாடு இங்கே வந்து சேலை கட்டினார்.

உடை மாற்றினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கையுறை இருப்பதே போட்டிருப்பவளுக்குத் தெரியாது. கிழவிக்குத்தான் தெரிந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொருவன் கையிலும் அப்படி ஒன்று இருக்கும். நம் பிள்ளைகள் கையில் இப்போது இருப்பது செல்போன்.

இங்கே ஒரு கசப்பான கதையையும் சொல்லத்தான் வேண்டும். கால்டுவெல்லைப் புகழ்ந்துவிட்டு இதை விட்டால் என் சொந்தக்காரர்களே என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1849-ல், இடையன்குடிக்கு வந்து எட்டு வருஷம் ஆனபிறகு, நம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அது மேல்நாட்டில் மிஷனுக்குக் காணிக்கை தருகிறவர்கள் படிக்க எழுதியது. இந்த ஜனங்கள் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறார்கள், எவ்வளவு அறியாமையில் இருக்கிறார்கள் என்று எழுதினால்தானே அங்கே மனம் இளகும், பை திறக்கும்? ஆனால் அந்தப் புத்தகம் கப்பலேறித் திரும்பியும் வரும் என்று அவர் கணக்குப் போடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த நம் பிள்ளைகளே அதைப் படித்தார்கள். கொதித்தார்கள். சட்டாம்பிள்ளை என்று பெயரெடுத்த அருமைநாயகம், மிஷனரிகள்மேல் இருந்த மனக்கசப்பு முற்றி, 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் பிடியில்லாத தனிச் சபையே ஆரம்பித்துவிட்டார். அந்தப் புத்தகத்தின் மேலுள்ள கோபம் 1880-களிலும் ஆறவில்லை.

மனுஷர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். நடந்தே வந்தவர். இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர். அவருக்கே, ஊருக்கு அறிக்கை எழுதும்போது கை சறுக்கியது. அப்படியிருக்க, போய் நாலாவது நாளில் அழுக்குச் சட்டைப் பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுத்து, "இவர்களுக்காக ஜெபியுங்கள்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களை என்ன சொல்வது? அந்தப் பிள்ளையின் அம்மா அந்தப் படத்தைப் பார்க்கமாட்டாள் என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

ஏமி அம்மையார் இதற்கு நேர் எதிர். இங்கே நடப்பதை உள்ளபடி எழுதி அனுப்பினார். வெற்றி முழக்கம் இல்லை, கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள் என்ற கதை இல்லை. படிப்பவர்களுக்கு உற்சாகம் குறையும், மாற்றி எழுது என்று கேட்டார்கள். அவர் மாற்றவில்லை. பிறகு அது 1903-ல் அப்படியே அச்சாயிற்று.

என் பையன் இதுவரை ஒரு படம்கூடப் போடவில்லை. "என்ன செய்றான்னே தெரியல, ஒரு போட்டோ கூடக் காணோம்" என்பதுதான் அவன் மேலுள்ள முதல் குற்றச்சாட்டு!

சரி, பத்து நாள் ஊழியம் ஏன் வேண்டாம் என்கிறேன்? இந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் நான். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில் (எது என்று கேட்காதீர்கள், கூடப் படித்தவர்களுக்குத் தெரியும்) ஒரு முறை வெளிநாட்டிலிருந்து வாலிபர் குழு ஒன்று வந்தது. நல்ல பிள்ளைகள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், பலூன் கட்டினார்கள், பொம்மை கொடுத்தார்கள், சுவரில் யானை வரைந்தார்கள். பாடம் ஒரு வாரம் நின்றது. அது போகட்டும். மூன்றாம் வகுப்பில் தாய் இல்லாத பெண்பிள்ளை ஒருத்தி. அந்தக் குழுவில் ஒரு பெண் இவளை விட்டு நகரவில்லை. தலை சீவிவிட்டாள், ஊட்டிவிட்டாள், தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். பிரியும்போது இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதையும் படம் எடுத்தார்கள்.

அந்தப் பெண் விமானம் ஏறிவிட்டாள். இவள் எங்கே ஏறுவாள்? ஒரு மாதம், தினமும் காலையில் என் மேஜைப் பக்கம் வந்து நின்று, "அந்த அக்கா எப்ப வருவா டீச்சர்?" ஜூலையில் கேட்டாள், ஆகஸ்டில் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஒரு பிள்ளைக்குத் தாய் ஒரு தடவை சாகலாம். இரண்டாவது தடவை ஒரு ஏற்பாட்டைச் செய்து அனுப்பிவைக்க நமக்கு என்ன உரிமை?

அன்று நம் ஊர்ப் பிள்ளைக்கு நடந்ததை இன்று நம் பிள்ளைகள் இன்னொரு ஊர்ப் பிள்ளைக்குச் செய்யப்போகிறார்கள். நாம் வாங்கும் இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்பது சந்தோஷம்தான். வாங்கியபோது பட்டதை மறந்துவிட்டுக் கொடுக்கப்போனால் எப்படி?

சில பேர் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார்கள். கண் ஆபரேஷன் செய்யும் டாக்டர் பத்து நாள் போய் 100 பேருக்குப் பார்வை தரலாமே? தரலாம், போகட்டும். அவர் கை பேசும், நாக்குப் பேச வேண்டியதில்லை. போர்வெல் ரிப்பேர் தெரிந்தவர் போகட்டும். ஆனால் போகும் இடத்து ஆஸ்பத்திரி கேட்டு, அவர்கள் சொல்லும் தேதியில் போக வேண்டும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளை, ஒரு தொழிலும் கையில் இல்லாமல், மொழியும் தெரியாமல், பத்து நாளில் எதைக் கொடுத்துவிட்டு வரும்? அந்தப் பிள்ளைக்கு அனுபவம் கிடைக்கும், மனம் விரியும், அது உண்மை. அப்படியென்றால் அதைப் படிப்புச் சுற்றுலா என்று சொல்லி, அப்பா அம்மா காசில் போகட்டும். ஊழியம் என்று பெயர் வைத்துச் சபைக் காசை எடுக்க வேண்டாம்.

சபைக் காசு என்றால் என்ன என்று புதுப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஆச்சி காலத்தில் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். பிடியரிசிக் காணிக்கை. வாரம் முடிந்ததும் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் கஞ்சி குடிக்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு முருங்கைக்கட்டை நாலு பேர் போட்டி போட்டு ஏற்றி எடுப்பார்கள். நார்ப்பெட்டி முடைந்தவளும் பனையேறியவனும் போட்ட காசில்தான் தோர்ணக்கலுக்கு ஆள் போனது. இன்றைக்கும் பீடி சுற்றுகிறவள் காணிக்கைப் பையில் போடும் பத்து ரூபாய் அதே வகை. 15 பேருக்கு விமான டிக்கெட் எடுக்கும் காசில், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு ஆசிரியைக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? நான் கணக்கு டீச்சர். போட்டுப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதினால் சண்டை வரும், கமிட்டியில் கேளுங்கள், சொல்கிறேன்.

"அப்போ போகவே கூடாதா?" போகலாம். போகிறவன் போய் அங்கே இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறதே, அதை ஆஸ்க்வித் அம்மையார் லண்டனில் உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. அவர் சாராள் தக்கரில் வேலை பார்க்க வந்தவர். இங்கே இருக்கும்போது கண் தெரியாத சிறுவன் ஒருவன் எதிரில் வந்தான். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1890-ல் அது பள்ளிக்கூடமானது. கொஞ்ச வருஷத்தில் சுவைன்சன் அம்மையாரின் காதுகேளாதோர் பள்ளி வந்தது. இங்கே தங்கியிருந்தவர்கள் கண்ணில்தான் அந்தப் பிள்ளைகள் பட்டார்கள்.

தமிழே தெரிந்த நான், தமிழ்ப் பிள்ளைகளிடம், முதல் வேலைக்குப் போனது மலையடிவாரத்தில் ஒரு ஊர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பேசுவது பிடிபட எனக்கே ஒரு மாதம் ஆனது. அங்கே சொல்லும் செடி பெயரும் பூச்சி பெயரும் என் பாடப்புத்தகத்தில் கிடையாது. அந்த ஒரு மாதச் சம்பளத்தையும் அரசாங்கம் கொடுத்தது, யாரும் "டீச்சர் சும்மா இருக்கா" என்று சொல்லவில்லை. இவனுக்குச் சம்பளமே கிடையாது, அவனைப் போய்ச் சொல்கிறோம்.

ஆகவே சொந்தக்காரர்களுக்கு என் வேண்டுகோள். அவன் மாமாமாரும் சித்தப்பாமாரும் தினமும் வாட்ஸப்பில் "என்னல செய்த?" என்று கேட்பதை நிறுத்துங்கள். கேட்டால், காட்டுவதற்காகவாவது எதையாவது செய்யத் தொடங்கிவிடுவான். அதுதான் எனக்குப் பயம். போன வாரம், "பேசாம ஒரு லைட் போட்டுக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிரட்டுமா டீச்சர்" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவர்கள் மொழியில் "இந்த ஒயரை எங்கே சேர்க்கணும்" என்று இவனைக் கேட்டு, இவனும் அதே மொழியில் பதில் சொல்லும் நாள் வரட்டும். அது ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ வரும். அதுவரை சும்மா இருக்கட்டும்.

தங்கச்சி கல்யாணக் காரியம் பற்றி: அவன் அம்மாவிடம் நானும் எங்கள் பழைய மாணவர் சிலரும் பேசியிருக்கிறோம். அவன் திரும்பும்வரை மாப்பிள்ளை பார்ப்பது நிற்க வேண்டியதில்லை. நகைக்கடன் வட்டி விஷயத்தில் உதவ நினைப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். பொதுவில் கமெண்ட்டில் போட வேண்டாம், அந்த அம்மா மானஸ்தி.

அவனுக்கு ஏதாவது அனுப்ப நினைப்பவர்களுக்கு: பணம், துணி, சாக்லேட் ஒன்றும் வேண்டாம். அந்த நாட்டுக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்தனுப்பச் சொன்னான், அதுவும் உடன்குடிக் கருப்பட்டியாக இருக்க வேண்டுமாம். தனக்கு இல்லையாம். சர்க்கரை விலை கேட்டாளே, அந்தக் கிழவிக்கு.